முன்னிலையில் பேசுவது லாட்ஜ் வைத்தியர் மட்டும்தான்

கொஞ்ச நாளாக மூன்று வகை எழுத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று, நம்ம எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகங்களில் வளரிளம் பருவம், இனப்பெருக்கம் பற்றி வரும் பாடங்கள். இரண்டு, மாநிலங்களவையின் மனுக்கள் குழு 2009-ல் பாலியல் கல்வி பற்றிக் கொடுத்த அறிக்கை. மூன்று, ஊர் ஊராக லாட்ஜில் ரூம் போட்டு, தேதி வாரியாக முகாம் நடத்தும் ‘ஆண்மைக் குறைவு’ வைத்தியர்களின் விளம்பரங்கள். வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கங்களிலும், ராத்திரி 11 மணிக்கு மேல் லோக்கல் சேனலிலும், பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரிலும் பார்த்திருப்பீர்கள்.

நான் டாக்டர் இல்லை. பி.இ. முடித்து சாஃப்ட்வேரில் வேலை பார்க்கிறவன். அதனால் இந்த மூன்றையும் பிரதிகளாகத்தான் படிக்க முடியும். யார் பேசுகிறார்கள், யாரிடம் பேசுகிறார்கள், படிப்பவனுக்கு என்ன கிடைக்கிறது? இந்தக் கேள்விகளோடு படித்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. 13 வயதுப் பையனிடம் நேராகப் பேசுவது இந்த மூன்றில் மூன்றாவது மட்டும்தான்.

பெண் குழந்தைகள் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்கலாம். அவர்களுக்கும் சொல்லப்படுவது ரொம்பக் குறைவு. மஞ்சள் நீராட்டு விழாவுக்கு மண்டபம் பிடித்து, ஃப்ளெக்ஸ் வைத்து ஊருக்கே அறிவிக்கிறோம். ஆனால் என்ன நடக்கிறது என்று அந்தப் பெண்ணை உட்காரவைத்துச் சொல்லும் வீடுகள் எத்தனை? இருந்தாலும் அந்தப் பக்கம் கொஞ்சம் அசைவு இருக்கிறது. கோவை முருகானந்தத்தின் நாப்கின் இயந்திரம் பற்றி உலகமே பேசியது. தமிழக அரசின் புதுயுகம் திட்டம் 2012-லிருந்து வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் தருகிறது. பையன்கள் பக்கம் நாப்கின் மாதிரி கையில் கொடுக்க ஒரு பொருள்கூட இல்லை. கொடுக்க வேண்டியது பேச்சு மட்டும்தான். அதுதான் இல்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

படர்க்கையில் ஒரு பாடம்

முதலில் பாடப்புத்தகம். குறை சொல்வதற்கு முன் நியாயமாக ஒன்று சொல்லிவிடணும். பாடம் இருக்கிறது. எட்டாம் வகுப்பிலேயே பருவமடைதல், ஹார்மோன்கள், இரண்டாம் நிலைப் பால் பண்புகள் வந்துவிடுகின்றன. பத்தாம் வகுப்பில் விந்து செல், அண்ட செல், மாதவிடாய் சுழற்சி, கருவுறுதல், தன் சுத்தம் எல்லாம் இருக்கின்றன. தகவலில் பெரிய பிழை இல்லை.

பிரச்னை இலக்கணத்தில் இருக்கிறது. பாடம் முழுக்கப் படர்க்கை. ஆண்களில் இது நிகழ்கிறது, பெண்களில் இது நிகழ்கிறது, இந்த ஹார்மோன் இதைத் தூண்டுகிறது என்றே போகும். ‘உனக்கு’ என்ற சொல் அபூர்வம். தவளையின் இதயத்துக்கு எத்தனை அறைகள் என்று சொல்லும் அதே குரலில்தான் படிக்கிறவனின் சொந்த உடம்பையும் சொல்கிறது. பரீட்சையும் அதற்கேற்ற மாதிரிதான். விந்து செல்லைப் படம் வரைந்து பாகம் குறிக்கத் தெரிந்த பையனுக்கு, ராத்திரி தூக்கத்தில் தன் உடையில் ஏற்பட்ட ஈரம் அந்தப் படத்தோடு சம்பந்தப்பட்டது என்று யாரும் இணைத்துச் சொல்வதில்லை. இரண்டும் இரண்டு தனித்தனி உலகம்.

வகுப்பறை நிலவரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். “இதை நீங்களே வீட்ல படிச்சுக்கோங்க” என்று பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போன ஆசிரியரை இந்தக் கட்டுரையைப் படிக்கும் பலர் பார்த்திருப்பீர்கள். ஆசிரியரை மட்டும் திட்டிப் பயனில்லை. படர்க்கையில் எழுதியிருப்பதை 40 பையன்கள் முன்னால் முன்னிலைக்கு மாற்றிப் பேச அவருக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை.

பையனைத் தாண்டிப் பேசும் அறிக்கை

இரண்டாவது பிரதி. 2005 வாக்கில் மத்தியக் கல்வித் துறையும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் சேர்ந்து வளரிளம் பருவக் கல்வித் திட்டம் ஒன்றைப் பள்ளிகளில் தொடங்கின. 2007-ல் எதிர்ப்பு கிளம்பியது. மகாராஷ்டிரா, குஜராத், மத்தியப் பிரதேசம், கர்நாடகா உள்பட பல மாநிலங்கள் அதைத் தடுத்தன அல்லது நிறுத்தி வைத்தன. விவகாரம் மாநிலங்களவை மனுக்கள் குழுவுக்குப் போனது. வெங்கையா நாயுடு தலைமையிலான அந்தக் குழு 2009-ல் அறிக்கை கொடுத்தது.

அறிக்கையின் சாரம் இதுதான். நம் சமூக, பண்பாட்டுச் சூழலில் பாலியல் கல்விக்கு இடமில்லை. திருமணத்துக்கு முன் உறவு கூடாது என்பதே மாணவர்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி. வளரிளம் பருவ வளர்ச்சி, எய்ட்ஸ் தடுப்பு போன்ற பகுதிகளைக் கீழ் வகுப்புகளிலிருந்து எடுத்து, பிளஸ் டூ அளவில் உயிரியல் புத்தகத்தில் வைக்கலாம்.

கடைசிப் பரிந்துரையை மட்டும் லாஜிக்காகப் பார்ப்போம். பையன்களுக்குப் பருவமாற்றம் பொதுவாக 9 வயதிலிருந்து 14 வயதுக்குள் தொடங்கிவிடும். பிளஸ் ஒன் சேரும்போது வயது 15, 16. அதாவது சாஃப்ட்வேர் ரிலீஸ் ஆகி இரண்டு மூன்று வருஷம் ஆனபிறகு யூசர் மேனுவல் வருகிறது. அதுவும் உயிரியல் குரூப் எடுத்தவனுக்கு மட்டும். காமர்ஸ் எடுத்தவன், மேத்ஸ் - கம்ப்யூட்டர் எடுத்தவன், ஐ.டி.ஐ. போனவன், பத்தாவதோடு வேலைக்குப் போனவன் இவர்களுக்கெல்லாம் மேனுவலே கிடையாது. எந்தப் பையன்களுக்கு அறிவுரை தேவை என்று குழு கவலைப்பட்டதோ, அவர்களில் பெரும்பாலோரைக் கழித்துக்கட்டுகிற பரிந்துரை இது.

இந்த அறிக்கையிலும் பையன் படர்க்கைதான். பெற்றோரிடமும் அரசிடமும் அவனைப் பற்றிப் பேசுகிறது. அவனுக்கு என்ன சந்தேகம் இருக்கும் என்பது அதன் கேள்வியே இல்லை.

முன்னிலையில் ஒரு விளம்பரம்

இப்போது மூன்றாவது. லாட்ஜ் வைத்தியர் விளம்பரத்தின் கட்டமைப்பு வருஷக்கணக்கில் மாறவே இல்லை. உங்களுக்குக் களைப்பு இருக்கிறதா, முதுகு வலிக்கிறதா, ஞாபக மறதியா, கண் உள்ளே போயிருக்கிறதா, உடம்பு மெலிந்திருக்கிறதா, தூக்கத்தில் விந்து போகிறதா, சிறுநீர் வெள்ளையாகப் போகிறதா என்று ஒரு கேள்விப் பட்டியல். அப்புறம் சின்ன வயதில் தெரியாமல் செய்த தவறு என்று ஒரு காரணம். அப்புறம் நரம்புத் தளர்ச்சி என்று ஒரு நோய். கடைசியில் முகாம் தேதியும் போன் நம்பரும்.

இதை ஒரு ஃபங்ஷனாக எழுதிப் பாருங்கள். உள்ளே போகும் இன்புட் ஒரு 16 வயதுப் பையன். பொதுத்தேர்வுக்குப் படிக்கிறான், ஐந்தாறு மணி நேரம்தான் தூங்குகிறான். களைப்பு? ஆமாம். மறதி? ஆமாம். மெலிந்த உடம்பு? சட்டென்று உயரம் கூடும் வயது, ஆமாம். தூக்கத்தில் விந்து? அந்த வயதின் சாதாரண உடலியல், ஆமாம். சிறுநீர் எப்போதாவது கலங்கலாக? பாஸ்பேட் உப்பு இருந்தால்கூட அப்படித் தெரியும், ஆமாம். எல்லா இன்புட்டுக்கும் ‘நோய் உண்டு’ என்றே திருப்பும் ஃபங்ஷன் இது. ‘இல்லை’ என்று வரும் ஒரு டெஸ்ட் கேஸ்கூட எழுத முடியாது. 1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே குணக்குறிப்பைக் கொடுத்து, உங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டார். 5-க்கு சராசரி 4.26 மார்க் போட்டார்கள். ஜோசியத்தின் அடிப்படை அது. இந்த விளம்பரத்தின் அடிப்படையும் அதுதான்.

ஆனாலும் எழுத்தாகப் பார்த்தால் விளம்பரத்திடம் ஒரு திறமை இருப்பதை ஒப்புக்கொள்ளணும். பையன் யாரிடமும் கேட்க முடியாத அந்தக் கேள்வியை, அவன் கேட்காமலே அது கேட்டுவிடுகிறது. ‘உங்களுக்கு’ என்று மரியாதையாகக் கூப்பிடுகிறது. ரகசியம் காக்கப்படும் என்று உறுதி தருகிறது. பள்ளிக்கூடமும் வீடும் செய்யாத மூன்று வேலைகளை நாலு வரியில் முடித்துவிட்டுத்தான் பொய்யை உள்ளே வைக்கிறது. அதனால்தான் பொய் நிற்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்லணும். முறையாகப் பட்டம் படித்துப் பதிவு செய்த சித்த மருத்துவர்கள் வேறு. நான் சொல்வது பயத்தை உற்பத்தி செய்து மருந்து விற்கும் தொழிலை. அதைத் தடுக்கச் சட்டமும் இருக்கிறது. 1954-ம் வருஷத்து மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் சட்டம், பாலுறவுத் திறனைக் கூட்டும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதைக் குற்றம் என்கிறது. முதல் முறை பிடிபட்டால் 6 மாதம் வரை சிறை, மறுபடி என்றால் ஒரு வருஷம் வரை. எழுபது வருஷம் தாண்டிய சட்டம். சுவரைப் பார்த்தால் அதன் வலிமை தெரியும்.

‘நம் பண்பாடு’ எங்கிருந்து வந்தது

இந்தப் பயம் நம் மரபு, பாலியல் கல்வி மேற்கத்திய சரக்கு என்று ஒரு வாதம் உண்டு. பாதிதான் சரி. உடம்பின் ஏழு தாதுக்களில் கடைசியும் உயர்ந்ததும் விந்து என்ற கருத்து நம் பழைய மருத்துவத்தில் இருக்கிறது. ஒரு சொட்டு விந்துக்கு இத்தனை சொட்டு ரத்தம் என்ற கணக்கும், ‘தாது புஷ்டி’ லேகியமும் அங்கிருந்து வந்தவை. இந்தப் பயத்தால் வரும் மனநோய்க் குறிகளுக்கு 1960-ல் மனநல மருத்துவர் என்.என்.விக் ‘தாத் நோய்க்குறி’ என்று பெயரே வைத்தார்.

ஆனால் லண்டனைப் பாருங்கள். 1710-களில் ‘ஓனானியா’ என்று பெயர் போடாத ஆசாமியின் சிறுநூல் வந்தது. சுய இன்பத்தால் உடம்பு அழியும் என்று மிரட்டியது. அதற்கான மருந்து எங்கே கிடைக்கும் என்றும் அதிலேயே சொன்னது. 1760-ல் சுவிஸ் மருத்துவர் திஸ்ஸோ அதே பயத்துக்கு மருத்துவ அங்கீகாரம் கொடுத்துப் புத்தகம் எழுதினார். 1869-ல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் பியர்ட் ‘நியூராஸ்தீனியா’ என்ற நோயைப் பிரபலமாக்கினார். நரம்பின் சக்தி தீர்ந்துபோவது என்று பொருள். நம்ம ‘நரம்புத் தளர்ச்சி’ அந்தச் சொல்லின் நேர் தமிழாக்கம் போலவே இருக்கிறது. 2004-ல் இலங்கையின் சுமதிபால, சிரிபத்தன இருவரும் தினேஷ் புக்ராவோடு சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரை, இந்தப் பயம் இந்தியாவுக்கு மட்டும் சொந்தமில்லை, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் பரவலாக இருந்து மறைந்தது என்று காட்டியது.

ஆக, லாட்ஜ் விளம்பரத்தின் பாதி லண்டன் சரக்கு. அது இப்போது ரீல்ஸ் வழியாக மறுபடி இறக்குமதி ஆகிறது. 2011-ல் ரெட்டிட்டில் தொடங்கிய ‘நோஃபேப்’ இயக்கம், ‘விந்தை அடக்கினால் சக்தி’ வீடியோக்கள் எல்லாம் பழைய விளம்பரத்தின் புது வெர்ஷன்தான். லாட்ஜுக்குப் போகத் தேவையில்லை, லாட்ஜே பாக்கெட்டுக்குள் வந்துவிட்டது.

இதில் என்ன நஷ்டம்?

‘சரி, கொஞ்சம் பயந்தா என்ன, லேகியம் சாப்பிட்டா என்ன’ என்று விட்டுவிட முடியாது. மூன்று நஷ்டங்கள் தெரிகின்றன.

முதலாவது, பயமே நோயாகிறது. தாத் நோய்க்குறியோடு வருகிறவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் சேர்ந்து காணப்படுவதை மனநல மருத்துவர்கள் பல காலமாகப் பதிவு செய்திருக்கிறார்கள்.

இரண்டாவது, உண்மையான அவசரம் மறைக்கப்படுகிறது. விதை முறுக்கு என்று ஒன்று இருக்கிறது. விதைக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளம் திடீரென்று முறுக்கிக்கொள்ளும். வளரிளம் பருவத்தில் இது அதிகம். கடும் வலி, வாந்தி வரும். சுமார் 6 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால் பெரும்பாலும் விதையைக் காப்பாற்றலாம். ஒரு நாள் தாண்டிவிட்டால் வாய்ப்பு மிகக் குறைவு. ‘அங்கே வலிக்குது’ என்று அம்மாவிடம் சொல்லக் கூச்சப்பட்டு ராத்திரி முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கும் பையனுக்கு, கூச்சத்தின் விலை ஒரு உறுப்பு. பாடப்புத்தகத்தில் இரண்டு வரி இருந்தால் தவிர்க்கக்கூடிய நஷ்டம்.

மூன்றாவது, இந்தப் பையன்கள்தான் நாளைக்குக் கணவர்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 23.3 சதவீதம் பேருக்கு 18 வயதுக்கு முன் திருமணம் ஆகியிருக்கிறது. 15-19 வயதுப் பெண்களில் 6.8 சதவீதம் பேர் ஏற்கெனவே தாயாகவோ கர்ப்பமாகவோ இருந்தார்கள். இதே ஆய்வில் எச்.ஐ.வி. பற்றி முழுமையான அறிவு இருந்த ஆண்கள் 30.7 சதவீதம், பெண்கள் 21.6 சதவீதம். பெண் பிள்ளைக்கு மட்டும் கற்றுக்கொடுத்து, அவளுக்குப் பக்கத்தில் இருப்பவனை லாட்ஜ் விளம்பரத்திடம் விட்டுவிட்டால் கணக்கு பாதியில் நிற்கும்.

எண்ணக்கூடியது மட்டும் நடக்கிறது

அரசுத் திட்டமே இல்லையா? இருக்கிறது. 2014 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய தேசிய வளரிளம் பருவ நலத் திட்டம் 10 முதல் 19 வயது வரை ஆண், பெண் இருபாலரையும் சேர்த்துக்கொள்கிறது. ஊட்டச்சத்து, பாலியல் - இனப்பெருக்க நலம், மனநலம், வன்முறை, போதை, தொற்றா நோய்கள் என்று ஆறு தலைப்புகள். காகிதத்தில் நல்ல வடிவமைப்பு.

ஆனால் டேஷ்போர்டு பார்த்துப் பழகினவனுக்கு ஒரு விஷயம் தெரியும். எது எண்ணப்படுகிறதோ அதுதான் நடக்கும். வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை எண்ணக்கூடியது. குடற்புழு மாத்திரை எண்ணக்கூடியது. நாப்கின் பாக்கெட் எண்ணக்கூடியது. இவையெல்லாம் அவசியம். ‘ஒரு பையனின் சந்தேகம் தீர்ந்தது’ என்பதற்கு மட்டும் காலம் கிடையாது. அதனால் ஆறு தலைப்பில் பேச்சு தேவைப்படுகிற தலைப்புதான் முதலில் மெலிகிறது.

பேசினால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்ற பயத்துக்கும் பதில் இருக்கிறது. யுனெஸ்கோ 2018-ல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டி, பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, இந்தக் கல்வி பாலுறவு நடவடிக்கையைக் கூட்டுவதில்லை என்கிறது. நம் உச்ச நீதிமன்றமும் 2024 செப்டம்பரில், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன ஒரு வழக்கில், பாலியல் கல்வி மேற்கத்தியக் கருத்து என்ற எண்ணத்தையே தவறான புரிதல்களில் ஒன்றாகச் சொல்லி, நிபுணர் குழு அமைக்க யோசனை சொன்னது.

ஒரு பக்கம் போதும்

விமர்சனம் செய்பவன் மாற்று என்ன என்று காட்டணும். எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் இப்படி ஒரு பக்கம் முன்னிலையில் இருந்தால் போதும் என்பது என் கருத்து.

‘உன் குரல் உடையும். கொஞ்ச நாளில் சரியாகும். தூக்கத்தில் விந்து வெளியேறலாம். இது நோய் இல்லை. சிலருக்கு அடிக்கடி வரும், சிலருக்கு வரவே வராது, இரண்டும் சரி. விந்து உடம்பில் தொடர்ந்து உற்பத்தி ஆகிக்கொண்டே இருக்கும், ரத்தத்திலிருந்து சேமித்தது இல்லை. சுய இன்பத்தால் நரம்பு தளராது, ஞாபக சக்தி போகாது, உயரம் குறையாது. ஒரு விதை மற்றதைவிடக் கொஞ்சம் கீழே தொங்குவது சாதாரணம். மார்பு லேசாக வீங்கி வலிக்கலாம். நிறையப் பையன்களுக்கு அப்படி ஆகி, ஒன்றிரண்டு வருஷத்தில் போய்விடும். ஆனால் விதையில் திடீரென்று கடும் வலி வந்தால் ராத்திரியானாலும் உடனே பெரியவரிடம் சொல், ஆஸ்பத்திரிக்குப் போ. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், விதையில் கட்டி என்றாலும் டாக்டரைப் பார். உனக்குப் பிடிக்காமல் உன்னை யாராவது தொட்டால் அது உன் தப்பு இல்லை, பையன்களுக்கும் அது நடக்கும், 1098-க்குக் கூப்பிடலாம். உடம்பு பற்றிச் சந்தேகம் என்றால் 104, மனசு சரியில்லை என்றால் 14416. பயமுறுத்தி மருந்து விற்பவன் டாக்டர் இல்லை.’

நூறு வார்த்தைக்குச் சற்று மேல். இதில் ஆபாசமும் இல்லை, எந்தப் பண்பாட்டுக்கும் இடைஞ்சலும் இல்லை. இதற்குப் பாடத்திட்டக் குழுவின் அனுமதி வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. உங்கள் வீட்டில் 11, 12 வயதுப் பையன் இருந்தால் இந்தப் பக்கத்தை ஒரு டாக்டரிடம் காட்டிச் சரிபார்த்து, உங்கள் ஊர்ப் பேச்சில் மாற்றி எழுதி, அவன் புத்தகத்துக்குள் வைத்துவிடுங்கள். நேரில் பேசக் கூச்சமாக இருக்கும் அப்பாக்களுக்கு இது சுலபமான வழி. சுவரில் இருக்கும் எழுத்தை அவன் படிப்பதற்கு முன்னால் இது அவன் கைக்குப் போய்ச் சேரணும்.